பிஎச்டிக்கு எந்தப் பல்கலைக்கழகம்? பெயரைக் கடைசியாகப் பாருங்கள்

இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற துறைகளில் பிஎச்டி சேர இரண்டு மூன்று இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் அடுத்துச் செய்வது, உலகத் தரவரிசைப் பட்டியலைத் திறந்து எது மேலே இருக்கிறது என்று பார்ப்பதுதான். இளநிலைப் படிப்புக்கு அந்தப் பட்டியல் ஓரளவு கைகொடுக்கும். பிஎச்டிக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு நெறியாளர், அவருடைய ஆய்வகத்தில் இருக்கும் சிலர், எல்லோருக்கும் சம்பளம் தரும் நிதி, தீசிஸை மதிப்பிடும் குழு: அடுத்த நாலைந்து வருடம் உங்கள் வாழ்க்கை இதற்குள்தான் நடக்கப்போகிறது. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இரண்டு குழுக்கள் இருக்கும். ஒன்றில் எல்லோரும் ஐந்தாண்டில் முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். மற்றதில் எட்டாம் ஆண்டிலும் ‘இன்னும் ஒரு சோதனை பாக்கி’ என்று யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு குழுவுக்கும் தரவரிசை எண் ஒன்றுதான்.

பட்டியல்கள் எதை அளக்கின்றன என்று பார்த்தால் காரணம் புரியும். 2003-இல் தொடங்கிய ஷாங்காய் பட்டியலில் 30 விழுக்காடு மதிப்பெண், நோபல் பரிசோ ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கிய முன்னாள் மாணவர்களையும் பேராசிரியர்களையும் வைத்துப் போடப்படுகிறது. க்யூஎஸ் பட்டியலில் 30 விழுக்காடு, கல்வியாளர்களிடம் நடத்தும் நற்பெயர்க் கணக்கெடுப்புக்குப் போகிறது. ஒரு மாணவர் பட்டம் வாங்க எத்தனை ஆண்டாகிறது, எத்தனை பேர் பாதியில் விலகுகிறார்கள் என்ற கேள்வி இரண்டிலும் கிடையாது.

அதற்காகப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பிஎச்டி முடித்து அங்கேயே பேராசிரியரானவர்களைக் கணக்கெடுத்தது. அவர்களில் 80 விழுக்காட்டினர் வெறும் 20.4 விழுக்காடு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள். பெர்க்லி, ஹார்வர்ட், மிச்சிகன், விஸ்கான்சின்-மேடிசன், ஸ்டான்ஃபோர்ட் என்ற ஐந்து இடங்கள் மட்டுமே எட்டில் ஒருவருக்கும் மேல் தந்திருக்கின்றன. பேராசிரியர் வேலைதான் குறி, அதுவும் அமெரிக்காவில்தான் என்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் வெங்கி ராமகிருஷ்ணனைப் பாருங்கள். 1976-இல் அவர் இயற்பியலில் பிஎச்டி வாங்கியது ஓஹையோ பல்கலைக்கழகத்தில். பெரிய பட்டியல்களின் உச்சியில் வரும் பெயரல்ல அது. அப்புறம் துறையையே மாற்றிக்கொண்டு சான் டியேகோவில் உயிரியல் மாணவராக மறுபடி சேர்ந்தார். யேலில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்டிக்குப் பிறகான தற்காலிக ஆய்வாளராக, செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். 2009-இல் வேதியியல் நோபல் வந்தது. ஒருவர் கதையை வைத்து விதி எழுத முடியாதுதான். இருந்தாலும் ஒன்று தெளிவு: போஸ்ட்டாக் என்பது இடத்தையும் துறையையும் மாற்றிக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு. சுமாரான பெயருள்ள இடத்தில் நல்ல ஆய்வு செய்தவருக்கு அந்தக் கதவு திறக்கும். பெரிய பெயருள்ள இடத்தில் ஆறு வருடம் போராடி, பாதி வெந்த தீசிஸோடும் நெறியாளரின் அரைமனதான பரிந்துரைக் கடிதத்தோடும் வெளியே வருபவருக்கு அது எளிதில் திறக்காது. அதனால் என் வரிசை இப்படி: முதலில் நெறியாளர், அடுத்து நிதி, அப்புறம் அந்த நாட்டின் பிஎச்டி அமைப்பு, பிறகு கருவிகளும் துறைச் சூழலும், கடைசியில் பெயர்.

நாட்டுக்கு நாடு என்ன வேறுபாடு?

அமைப்பை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் மற்றக் கேள்விகள் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடே பிஎச்டி சேரலாம். முதல் ஒன்றிரண்டு வருடம் பாட வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, அதன் பிறகுதான் முழுநேர ஆய்வு. மொத்தம் ஐந்து முதல் ஆறு வருடம் சாதாரணம். உங்களைச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் துறை. சேர்ந்த பிறகு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கலாம். உயிரியல் துறைகளில் முதல் வருடம் மூன்று நாலு ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கும் ரொட்டேஷன் முறை உண்டு. என்னைக் கேட்டால், ஒரு மாணவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான். நேர்காணலில் எவ்வளவு இனிமையாகப் பேசுபவரும், சோதனை தொடர்ந்து மூன்று வாரம் தோற்றால் எப்படிப் பேசுவார் என்பது கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். குறை என்னவென்றால் நீளம். அமெரிக்கப் பட்டப்படிப்புக் கல்லூரிகளின் கூட்டமைப்பு எடுத்த கணக்கில், பத்து ஆண்டு ஆன பிறகும் பட்டம் முடித்திருந்தவர்கள் எல்லாத் துறைகளும் சேர்ந்து சுமார் 57 விழுக்காடு மட்டுமே.

ஜெர்மனியில் கதை வேறு. முதுநிலைப் பட்டம் பொதுவாகக் கட்டாயம். நேரே ஒரு பேராசிரியருக்கு எழுதியோ, விளம்பரமான பணியிடத்துக்கு விண்ணப்பித்தோ சேர்வீர்கள். முதல் நாளே உங்கள் நெறியாளரும் தலைப்பும் முடிவாகியிருக்கும். காகிதத்தில் மூன்று வருடம், நடப்பில் நாலு அல்லது அதற்குச் சற்று மேல். பலர் மாணவர்களாக இல்லாமல் ஊழியர்களாகவே சேர்கிறார்கள், அரசுச் சம்பள அட்டவணையில் இ-13 படிநிலையில். ஆனால் இயற்கை அறிவியலில் அது பெரும்பாலும் 50 முதல் 75 விழுக்காட்டுப் பணியிடமாக இருக்கும். வேலை என்னவோ முழுநேரம்தான். இங்கே பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று: உங்கள் நெறியாளரே மேலதிகாரி, அவரே பெரும்பாலும் உங்கள் தீசிஸுக்கு மதிப்பெண் போடும் முதல் மதிப்பீட்டாளரும். மூன்று அதிகாரமும் ஒரே கையில். உறவு நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கெட்டால் முறையிட வேறு ஆள் வேண்டும். ஜெர்மனியின் பெரிய ஆய்வு அமைப்பான மேக்ஸ் பிளாங்க் கழகம் 2000-இல் தொடங்கிய சர்வதேச ஆய்வுப் பள்ளிகள் போன்ற கட்டமைப்புள்ள திட்டங்களில், நெறியாளரைத் தவிர வேறு சிலரும் அமரும் ஆலோசனைக் குழு உண்டு. ஜெர்மனியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முடிந்தவரை அப்படிப்பட்ட திட்டத்தின் வழியாகவே சேர வேண்டும் என்பேன். மேக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் தாமாகப் பட்டம் தருவதில்லை, ஒரு பல்கலைக்கழகம்தான் தரும் என்பதால், எந்தப் பல்கலைக்கழகம், அதன் விதிகள் என்ன என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் காலம் குறைவு: நிதி பொதுவாக மூன்றரை முதல் நாலு வருடத்துக்கு. இறுதியில் வைவா எனும் வாய்மொழித் தேர்வு. ஓர் உள் தேர்வாளர், ஒரு வெளித் தேர்வாளர். நெறியாளர் தேர்வாளராக இருக்க முடியாது. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்த ஒன்று. வெளிநாட்டு மாணவர்களுக்கு முட்டுக்கட்டை, நிதியில் இருக்கிறது. அரசு ஆய்வு நிதியில் நடக்கும் உதவித்தொகைகள் 2021 முதல் வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கின்றன, ஆனால் பொதுவாக 30 விழுக்காடு என்ற வரம்போடு. உள்நாட்டுக் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யார் கட்டுவது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் பெரும்பாலும் நீங்கள் முழு ஊழியர். ஸ்வீடனில் நாலு வருட ஆய்வு, கற்பித்தலும் சேர்ந்தால் ஐந்து வருடம் வரை நீளும். குழந்தை பிறந்து விடுப்பு எடுத்தால் ஒப்பந்தக் காலம் அந்த அளவுக்கு நீட்டிக்கப்படும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மாதச் சம்பள எண்ணை மட்டும் ஒப்பிட்டால் தெரியாது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஜப்பானின் ஓகினாவாவில் உள்ள ஓஐஎஸ்டி, வியன்னாவுக்கு அருகில் உள்ள ஐஎஸ்டிஏ ஆகிய ஆய்வு நிறுவனங்கள் ஐரோப்பாவின் வேலைநிலைமையையும் அமெரிக்காவின் ரொட்டேஷனையும் கலந்த மாதிரி நடக்கின்றன. ஓஐஎஸ்டியில் மூன்று ரொட்டேஷனில் ஒன்றாவது உங்கள் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். இயற்பியலிலிருந்து உயிரியலுக்குத் தாவ நினைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட இடம் பொன்னானது.

ஆக, எந்தக் கேள்வியில் ஆய்வு செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து, முதுநிலைப் பட்டமும் கையில் இருந்தால் ஐரோப்பா நேரத்தை மிச்சப்படுத்தும். துறை பிடித்திருக்கிறது, கேள்வி இன்னும் பிடிபடவில்லை என்றால் அமெரிக்க மாதிரியின் முதல் ஒன்றரை வருடம் வீண் அல்ல.

ஆய்வகத்தை எப்படிப் படிப்பது?

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். குழுவின் இணையதளத்தில் ‘முன்னாள் உறுப்பினர்கள்’ பக்கம் இருக்கும். அதில் வெற்றி பெற்றவர்கள் மட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் வேறு வழியில் போங்கள். வருடாவருடம் எடுத்த குழுப் புகைப்படங்களும் பழைய செய்திகளும் பெரும்பாலும் அந்தத் தளத்திலேயே கிடக்கும். ஆறு வருடத்துக்கு முந்தைய படத்தில் பிஎச்டி மாணவர்களாக நின்றவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் தீசிஸ் களஞ்சியத்தில் நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடி, அவர்களில் எத்தனை பேர் தீசிஸ் சமர்ப்பித்திருக்கிறார்கள், எந்த ஆண்டில் என்று பாருங்கள். படத்தில் இருக்கிறார், தீசிஸ் இல்லை, இரண்டு பேப்பரில் நடுவில் பெயர் இருக்கிறது, அப்புறம் சத்தமே இல்லை என்றால், அவர் விலகியிருக்கக்கூடும். ஒருவர் அப்படிப் போனால் ஆயிரம் காரணம் இருக்கலாம். எட்டுப் பேரில் நாலு பேர் என்றால் காரணம் ஆய்வகத்தில் இருக்கிறது. ஒரு மாலை நேர வேலைதான் இது. எந்தத் தரவரிசையும் தராத தகவல் கிடைக்கும். அப்படியே அந்தத் தீசிஸ்களின் நன்றியுரைப் பக்கத்தையும் படியுங்கள். நெறியாளருக்கு ஒரு வரி சம்பிரதாயமாகவும், ஒரு போஸ்ட்டாக்குக்கு ஒரு பத்தி மனமாரவும் நன்றி சொல்லியிருந்தால், அங்கே உண்மையில் வழிகாட்டுவது யார் என்று தெரிந்துவிடும்.

மாணவர்களிடம் பேசும்போது ‘உங்கள் கைடு எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லவர்’ என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக நீங்கள் கொடுத்த வரைவைத் திருத்தித் தர எத்தனை வாரம் எடுத்துக்கொண்டார்? தனியாகச் சந்திப்பது வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா? குழுக் கூட்டத்தில் முடிவு சரியாக வராத தரவைக் காட்டினால் என்ன நடக்கும்? போன வருடம் எத்தனை நாள் விடுமுறை எடுத்தீர்கள்? விலகிப் போனவர் ஒருவருடைய தொடர்பு கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கமே ஒரு பதில். 2019-இல் நேச்சர் நடத்திய கணக்கெடுப்பில் கலந்துகொண்ட சுமார் 6,300 பிஎச்டி மாணவர்களில் 36 விழுக்காட்டினர், படிப்பால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாகச் சொன்னார்கள். ஒரு மாணவரின் அன்றாடத்தை அதிகம் தீர்மானிப்பவர் நெறியாளர் என்பதால், இந்தக் கேள்விகளைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பெயர் வரிசை பற்றியும் கேளுங்கள். 1967-இல் கேம்பிரிட்ஜில் முதல் பல்சாரின் (சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்பு வரும் விண்மீன்) சமிக்ஞையைத் தரவில் கண்டுபிடித்தவர் ஆய்வு மாணவி ஜோசலின் பெல். 1968-இல் வந்த கட்டுரையில் முதல் பெயர் அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹியூயிஷுடையது. 1974 நோபலும் ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. இன்றும், உழைத்த மாணவரின் பெயர் முதலில் வருமா, பாதியில் வந்து சேர்ந்த போஸ்ட்டாக்கின் பெயர் முன்னால் போகுமா என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. சென்ற மூன்று வருடப் பேப்பர்களை எடுத்துப் பார்த்தால் பழக்கம் தெரியும்.

மூத்தவரா, புதியவரா?

முப்பது பேர் கொண்ட புகழ்பெற்ற குழு ஒரு பக்கம், நாலே பேர் கொண்ட உதவிப் பேராசிரியரின் குழு மறுபக்கம் என்று கடிதங்கள் வந்தால் முடிவு கடினம். பெரிய குழுவில் கருவி இருக்கும், பணம் இருக்கும், பரிந்துரைக் கடிதத்துக்கு எடை இருக்கும்; நெறியாளர் மட்டும் ஊரில் இருக்க மாட்டார். சிறிய குழுவில் அவரே உங்களோடு நின்று லேசரைச் சரிசெய்வார். அவருடைய எதிர்காலமும் உங்கள் பேப்பரில் தொங்குகிறது என்பதால் உங்களைக் கைவிட மாட்டார். அதே காரணத்தால் நெருக்கவும் செய்வார். அமெரிக்காவில் உதவிப் பேராசிரியருக்கு நிரந்தரப் பணி முடிவு பொதுவாக ஆறாம் ஆண்டு வாக்கில் வரும். அவருடைய நாலாம் ஆண்டில் நீங்கள் சேர்ந்தால், உங்கள் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் அவர் இருப்பாரா போவாரா என்ற கேள்வி எழும். ‘நீங்கள் வேறு இடம் போனால் உங்கள் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு?’ என்று நேராகவே கேட்கலாம். நல்ல நெறியாளர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

என் சாய்வு சிறிய குழு பக்கம், ஒரு நிபந்தனையோடு: அதே துறையில், உங்கள் வேலையைப் புரிந்துகொண்டு தேவைப்பட்டால் பொறுப்பெடுக்கக்கூடிய இரண்டாவது பேராசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாமல், ஒரே ஒருவரை நம்பி மட்டும் எங்கேயும் போகக்கூடாது. பெரிய குழுவில் கடைசி ஐந்து மாணவர்கள் ஒழுங்காக முடித்திருக்கிறார்கள், உங்களைத் தினமும் பார்த்துக்கொள்ளும் போஸ்ட்டாக் யார் என்று பெயர் சொல்லியே கூறுகிறார்கள் என்றால் அங்கேயே போகலாம்.

துறைக்கு ஏற்ப எடை மாறும்

சோதனை அறிவியலில் கருவி எங்கே இருக்கிறது என்பதைவிட, வரிசையில் உங்கள் முறை எப்போது வரும், பழுதானால் யார் சரிசெய்வார் என்பது முக்கியம். நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளர் இல்லாத இடத்தில் அந்த வேலை மூத்த மாணவர் தலையில் விழும். வானியலில், பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தொலைநோக்கியில் பங்கு நேரம் உண்டு என்று கேளுங்கள். ஹவாயிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கிகளில் கால்டெக்குக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் உள்ள பங்கு அங்குள்ள மாணவர்களுக்குப் பெரிய வசதி. களத்தில் தரவு சேகரிக்கும் சூழலியலில் ஒரு பருவம் தவறினால் ஒரு வருடமே போகும். பயணச் செலவு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

துகள் இயற்பியல் தனி உலகம். 2015-இல், ஜெனீவா அருகே செர்னில் உள்ள எல்எச்சி துகள் முடுக்கியின் அட்லஸ், சிஎம்எஸ் சோதனைக் குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வெளியிட்ட 33 பக்கக் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 24 பக்கம் பெயர்களும் முகவரிகளும் மட்டும். அங்கே பேப்பர் எண்ணிக்கை எதையும் சொல்லாது. எந்தப் பகுப்பாய்வு உங்கள் கையில் தரப்படும் என்பதே கேள்வி. முடுக்கியின் கால அட்டவணையையும் பாருங்கள். எல்எச்சி 2018 டிசம்பரில் நின்று 2022 ஜூலையில்தான் மறுபடி ஆய்வுத் தரவு தரத் தொடங்கியது. அந்த இடைவெளியில் சேர்ந்தவர்களின் பிஎச்டி, பழைய தரவையும் கருவி மேம்பாட்டையும் நம்பி நடந்தது.

கோட்பாட்டாளர்களுக்குக் கருவி வேண்டாம், ஆள் வேண்டும். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் கேம்பிரிட்ஜ் போய் இயற்பியலாளர் ஃபவுலரிடம் சேர்ந்தார். கேம்பிரிட்ஜைவிடப் பெரிய பெயர் இருக்க முடியாது. ஆனாலும் அங்கிருந்த இயற்பியலாளர் டிராக்கின் ஆலோசனைப்படி, கடைசி ஆண்டை இயற்பியலாளர் நீல்ஸ் போரின் கோபன்ஹேகன் நிறுவனத்தில் கழித்தார். 1933-இல் பட்டம் வாங்கினார். சேர்ந்த இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ போய்வர அனுமதியும் பணமும் உண்டா என்று கோட்பாட்டு மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

பணத்தில் தொகையைவிட ஊற்று முக்கியம்

கடிதத்தில் உள்ள எண் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கட்டணமும் மருத்துவக் காப்பீடும் கழித்த பிறகா, முன்பா? இவற்றைச் சரிசெய்துவிட்டு, அந்த ஊர் வாடகையோடு ஒப்பிட்டால் பெரிய எண் சில சமயம் சின்னதாகிவிடும். அதைவிட முக்கியம், பணம் எங்கிருந்து வருகிறது என்பது. நெறியாளர் ஒரு திட்டத்துக்காக வாங்கிய கிராண்ட் என்றால் அந்தத் திட்டத்தோடும் அவரோடும் கட்டுண்டிருப்பீர்கள். துறையோ வெளி நிறுவனமோ தரும் ஃபெலோஷிப் என்றால் நெறியாளரை மாற்றினாலும் பணம் கூடவே வரும். கற்பித்தல் உதவியாளர் பணி என்றால் வாரத்தில் 20 மணி நேரம் வரை அதற்கே போய்விடும். முதல் வருடம் பரவாயில்லை, ஐந்து வருடமும் என்றால் தீசிஸ் தள்ளிப்போகும். ஒப்பந்தம் மூன்று வருடம், வேலை முடிய நாலு வருடம் என்றால் அந்த நாலாவது வருடத்தை இதுவரை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று மாணவர்களிடம் கேளுங்கள்.

அமெரிக்கக் கடிதங்களுக்குப் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். முன்பு சொன்ன பட்டப்படிப்புக் கல்லூரிகள் கூட்டமைப்பின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் முடிவு சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. ஐரோப்பியப் பணியிடங்களில் இரண்டு வாரம்கூடக் கிடைக்காமல் போகலாம். அப்போது அவகாசம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், பெரும்பாலும் தருவார்கள். முடிவெடுத்த அன்றே மற்ற இடங்களுக்கு மறுப்பை எழுதிவிடுங்கள். உங்கள் பதிலுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் இருப்பார். நீங்கள் மறுப்பு எழுதும் பேராசிரியரும் உங்கள் துறைக்காரர்தான்; நாளை உங்கள் பேப்பரை மதிப்பிடுபவராகவோ, போஸ்ட்டாக் இடம் தருபவராகவோ அவரை மறுபடி சந்திப்பீர்கள். எந்தக் காரணத்தால் வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் அவர் மகிழ்வார்.